கொதிக்க வைத்த தண்ணீரில் ஈ.கோலை எப்படி வந்தது?

தாம்பரம்வாசி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு தண்ணீர்ப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பிப் போயிருக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மழை விட்டதும் சில வீடுகளில் குழந்தைகளுக்கு மாறி மாறி வயிற்றுப்போக்கு. டாக்டர் "முதலில் தண்ணீரைப் பாருங்கள்" என்றார். ஆய்வகத்திலிருந்து ஆள் வந்து மாதிரி எடுத்துப் போனார். கோலிஃபார்ம், ஈ.கோலை என்ற பாக்டீரியாக்கள் இருக்கின்றனவா என்று பார்த்திருக்கிறார்கள். முடிவு இப்படி வந்திருக்கிறது:

தெருவிலிருந்து வரும் குழாய்: கோலிஃபார்ம் இல்லை, ஈ.கோலை இல்லை. மீதக் குளோரின் (கிருமியைக் கொல்லப் போட்டதில் மிச்சம்) லிட்டருக்கு 0.3 மி.கி.

மொட்டைமாடித் தொட்டி: மொத்தக் கோலிஃபார்ம் உண்டு, ஈ.கோலை இல்லை. குளோரின் இல்லை.

எங்கள் வீட்டு ஆர்.ஓ. குழாய்: தொட்டியில் உள்ளபடியே.

சமையலறைக் குடம்: கோலிஃபார்ம், ஈ.கோலை இரண்டும் உண்டு.

குடத்தில் இருப்பது ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி ஊற்றியது. ஆக, எல்லாவற்றையும் விடச் சுத்தமாக இருக்க வேண்டியதுதான் எல்லாவற்றையும் விட மோசமாக இருக்கிறது. "அப்புறம் எதுக்குத் தினமும் கேஸைச் செலவு பண்றோம்?" என்று அத்தை கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எதை மாற்ற வேண்டும்?

கோவை_மலர்

கொதிக்க வைப்பது போதவில்லை போல. எங்கள் வீட்டில் இருபது நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுவோம். செய்து பாருங்கள்.

வரப்பு

ஆய்வகத்தில் ஏதாவது தவறு நடந்திருக்கும். இன்னொரு இடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

நீர்ஆய்வாளர்

அம்மா, நான் குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் முடிவில் எனக்கு வியப்பில்லை. இதே வரிசையை நிறையப் பார்த்திருக்கிறேன். பதில் சொல்வதற்கு முன் சில கேள்விகள்.

குடம் எப்படிப்பட்டது? அதிலிருந்து எப்படி மொள்ளுகிறீர்கள்? பழைய தண்ணீர் தீர்ந்த பிறகு நிரப்புகிறீர்களா, மிச்சத்தின் மேலேயே ஊற்றுகிறீர்களா? குடத்தை எந்தத் தண்ணீரில் அலசுகிறீர்கள்? கொதித்த தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் ஆறுகிறது? அப்புறம், மாதிரி எடுக்க வந்தவர் என்ன பாட்டில் கொண்டுவந்தார்?

தாம்பரம்வாசி

எவர்சில்வர் குடம் சார். மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் ஒரு டம்ளர். அவரவர் வந்து அந்த டம்ளரால் மொண்டு குடிப்போம், பிள்ளைகளும் அப்படித்தான். பாதி குறைந்ததும் மேலே ஊற்றி நிரப்புவோம். வாரம் ஒரு நாள் புளி போட்டுத் தேய்த்து, தொட்டித் தண்ணீரில் அலசுவோம். வாசனைக்குக் கொஞ்சம் வெட்டிவேர் போட்டிருக்கும். தண்ணீர் அகலமான அண்டாவில் ஆறும். சீக்கிரம் ஆறட்டும் என்று மூடுவதில்லை.

வந்தவர் ஆய்வகத்திலிருந்தே மூடி சுற்றிய பாட்டில் கொண்டுவந்தார். ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்.

நீர்ஆய்வாளர்

நல்லது. அப்படியென்றால் மாதிரி எடுத்த முறை சரி. பாட்டிலுக்குள் கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள். தண்ணீரில் இருக்கும் குளோரினை அது முறித்துவிடும். இல்லையென்றால் போகிற வழியிலேயே குளோரின் பாக்டீரியாவைக் கொன்று, தண்ணீர் நல்லது என்று தவறாகக் காட்டும். ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும். வரப்பு ஐயா சந்தேகப்பட்டது நியாயம்தான். வீட்டில் கிடக்கும் குளிர்பான பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்தால் அந்த முடிவை நம்ப முடியாது. இங்கே அந்தப் பிழை இல்லை.

இனி முடிவைப் படிப்போம். மொத்தக் கோலிஃபார்ம் என்பது ஒரு பெரிய கூட்டம். அதில் மண்ணிலும் செடியிலும் வாழ்கிறவையும் உண்டு. அது வந்திருந்தால், வெளியிலிருந்து ஏதோ தொட்டிக்குள் போகிறது, அல்லது உள்ளே பாசி போலப் படலம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஈ.கோலையின் இடம் மனிதர், மாடு, நாய் போன்ற வெப்ப இரத்த உயிர்களின் குடல். அது வந்தால் மலத்தின் தடம் தண்ணீரில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். ஈ.கோலை வகைகளில் பெரும்பாலானவை நோய் தராதவை. ஆனால் அது வந்த வழியிலேயே டைபாய்டு, சீதபேதி, காலரா, மஞ்சள் காமாலை எல்லாம் வரலாம். அதனால்தான் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, 100 மில்லி குடிநீரில் இரண்டுமே தென்படக் கூடாது என்கிறது.

உங்கள் தொட்டியில் ஈ.கோலை இல்லை, ஆர்.ஓ.விலும் இல்லை. கொதித்த தண்ணீரில் இருக்க வழியே இல்லை. குடத்தில் மட்டும் இருக்கிறது என்றால் அது குடத்துக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தது கை.

டம்ளரின் அடிப்புறம் ஈரத் தரையிலோ மேடையிலோ இருந்திருக்கும். பிடிக்கும் விரல்கள் தண்ணீரில் முங்கும். பிள்ளைகள் கழிவறை போய்விட்டு, கையைத் தண்ணீரில் மட்டும் நனைத்துக்கொண்டு ஓடிவருவார்கள். ஒருவர் வாய் வைத்த டம்ளரே மறுபடி உள்ளே போகும். பழைய மிச்சத்தின் மேல் ஊற்றுவதால் நேற்று வந்தது இன்றும் இருக்கும். கொதித்த தண்ணீரில் குளோரின் துளியும் கிடையாது. உள்ளே வந்ததைக் கொல்ல அதில் எதுவும் இல்லை.

மலாவி நாட்டில் ஓர் அகதி முகாமில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள், 2001இல் வெளிவந்த ஆய்வு. எல்லாருக்கும் ஒரே தண்ணீர்தான். சில வீடுகளுக்கு மட்டும் கை விட முடியாதபடி மூடியும், ஊற்ற மூக்கும் வைத்த வாளி கொடுத்தார்கள். அந்த வாளிகளில் மலக் கோலிஃபார்ம் சராசரியாக 69 சதவீதம் குறைந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு 31 சதவீதம் குறைந்தது. மருந்து, வடிகட்டி எதுவும் தரவில்லை, பாத்திரம் ஒன்றுதான் மாறியது. 2004இல் பல நாடுகளின் 57 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும், ஏறக்குறைய பாதியில், எடுத்த இடத்தில் இருந்ததை விடக் குடிக்கும் இடத்தில் தண்ணீர் கெட்டிருந்தது.

கேஸ் வீண் இல்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள். கொதிக்க வைத்தது தன் வேலையை முழுதாகச் செய்தது.

மாற்ற வேண்டியது இவ்வளவுதான்: குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்குங்கள். கொதித்த பாத்திரத்திலேயே மூடியபடி ஆற விட்டு அதில் ஊற்றுங்கள். முழுவதும் தீர்ந்த பிறகு நிரப்புங்கள். டிரம்மைத் தேய்த்த பின் கடைசி அலசலுக்குக் கொதித்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். அதன் குழாயையும் கழற்றித் தேய்க்க வேண்டும், வழுவழுப்பு அங்கேதான் முதலில் பிடிக்கும். வெட்டிவேர் வேண்டுமென்றால் தண்ணீர் கொதிக்கும்போதே போட்டு எடுத்துவிடுங்கள். மண்ணுக்குள் இருந்த வேர் அது. ஆறிய தண்ணீரில் பச்சையாகப் போட்டால் மண்ணின் பாக்டீரியாவும் சேர்ந்துதான் வரும்.

கோவை_மலர்

அப்போ இருபது நிமிடம் கொதிக்க வைப்பது தேவையில்லையா சார்?

நீர்ஆய்வாளர்

தேவையில்லை அம்மா. வெப்பம் 70 டிகிரியைத் தாண்டினாலே குடல்நோய்ப் பாக்டீரியா வேகமாகச் செத்துவிடும். பெரிய குமிழிகள் விடாமல் புரண்டு வந்துவிட்டால் போதும். மனத்திருப்திக்கு ஒரு நிமிடம் விடுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் சின்னக் குமிழி தட்டியதும் இறக்கிவிடுவது மட்டும் கூடாது.

நீலகிரிக்காரன்

எங்கள் ஊட்டிக்கும் ஒரு நிமிடம் போதுமா? இங்கே தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் பருப்பு வேகாது.

நீர்ஆய்வாளர்

நல்ல கேள்வி. ஊட்டி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். அதுவும் கிருமியைக் கொல்லப் போதுமான சூடுதான். இருந்தாலும் 2,000 மீட்டர் உயரம் தாண்டிய ஊர்களில் மூன்று நிமிடம் கொதிக்க விடச் சொல்வது வழக்கம். கொடைக்கானலுக்கும் அதே கணக்கு.

சர்வீஸ்_தம்பி

நான் ஆர்.ஓ. சர்வீஸ் வேலை செய்கிறவன். அக்கா, உங்கள் ஆர்.ஓ. குழாயில் கோலிஃபார்ம் வந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. அதையும் விட்டுவிடாதீர்கள்.

மெஷினுக்குள் தண்ணீர் முதலில் பஞ்சு வடிகட்டி, அப்புறம் கார்பன் வழியாகப் போகும். கார்பன் குளோரினை உறிஞ்சிவிடும். அடுத்து வரும் மெம்பரேனுக்கு, அதாவது ஆர்.ஓ. சவ்வுக்கு, குளோரின் ஆகாது என்பதால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். மெம்பரேன் நன்றாக இருந்தால் பாக்டீரியாவைத் தடுத்துவிடும். ஆனால் அதைத் தாண்டி வந்த தண்ணீர் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் டேங்கில் குளோரின் இல்லாமல் நிற்கிறது. பல வீடுகளில் அந்த டேங்கை வாங்கின நாளிலிருந்து யாரும் திறந்தே இருக்க மாட்டார்கள். உள்ளே கை வைத்தால் வழுக்கும். கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கு சில மாடல்களில் டேங்குக்கு முன்னால் இருக்கும். அப்படியென்றால் டேங்கில் உண்டாவதை அது தொடாது. விளக்கு எரிகிறதா என்றும் யாரும் பார்ப்பதில்லை.

ஊருக்குப் போய் வந்தால் டேங்கில் நின்ற தண்ணீரை முழுவதும் திறந்து விட்டுவிடுங்கள். சர்வீஸ் ஆள் வரும்போது டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். வடிகட்டி மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடப் பார்ப்பார்கள். அந்தக் குழாய் மூக்கையும் தேய்க்க வேண்டும்.

இன்னொன்று, டி.டி.எஸ். மீட்டர். தண்ணீரில் முக்கி "பாருங்க 40தான், சுத்தமான தண்ணி" என்று காட்டுவார்கள். அந்த மீட்டர் உப்பைத்தான் அளக்கும். சாக்கடைத் தண்ணீர் ஒரு துளி விழுந்தாலும் அதே 40தான் காட்டும். பாக்டீரியா பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

தாம்பரம்வாசி

தம்பி, ரொம்ப நன்றி. எங்கள் தெருக்குழாய்த் தண்ணீரில் டி.டி.எஸ். 300க்கு மேல் போனதில்லை. அப்படியானால் ஆர்.ஓ. வேண்டுமா?

சர்வீஸ்_தம்பி

என் பிழைப்பே இதுதான், ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். 500க்குக் கீழே இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. தேவையில்லை. ஐ.எஸ். கணக்கிலும் 500 வரை ஏற்கத்தக்கது. 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் சொன்னது. உங்களுக்கு யு.வி. வைத்த சாதாரண வடிகட்டியோ, கொதிக்க வைப்பதோ போதும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற வீடுகளின் கதை வேறு.

வரப்பு

எல்லாரும் சொல்வதைப் படித்தேன். மறுத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் திருவையாறு பக்கம் ஆற்றில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்துக் குடித்து வளர்ந்தவர்கள். ஒருவரும் கொதிக்க வைத்ததில்லை. செப்புக்குடத்தில் ஊற்றி வைத்தால் போதும். இப்போதுதான் எல்லாவற்றுக்கும் பயம்.

செவிலி_அக்கா

ஐயா, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவது நல்ல முறைதான். மணல் பல அடிக்கு வடிகட்டிக் கொடுக்கிறது. அந்த மணல் இன்று ஆற்றில் இல்லை, கரையோர ஊர்களின் சாக்கடை ஆற்றில் இருக்கிறது. அதோடு, அந்தக் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பாட்டிக்குப் பிறந்து தங்காமல் போன பிள்ளைகள் உண்டு. காலரா என்றால் ஊரையே காலி செய்துகொண்டு போன கதை எல்லாக் குடும்பத்திலும் இருக்கும். பிழைத்தவர்கள்தானே இன்று இருந்து பேசுகிறோம்.

செப்புக்குடம் பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். காலரா, டைபாய்டு வகை, சீதபேதி, ஈ.கோலைக் கிருமிகளைத் தண்ணீரில் கலந்து செப்புப் பானையில் 16 மணி நேரம் வைத்திருந்தார்கள். அப்புறம் சோதித்தபோது உயிருள்ள கிருமி ஒன்றும் கிடைக்கவில்லை. தண்ணீரில் கரைந்த செம்பின் அளவும் வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் அந்த 16 மணி நேரம் யாரும் கை விடவில்லை, பாதியில் நிரப்பவில்லை. காலையில் ஊற்றிக் காலையிலேயே மொண்டு குடித்தால் செம்பு என்ன செய்யும்? உள்ளே புளி போட்டுத் துலக்காமல் களிம்பு ஏறிய குடமும் ஆகாது. மோர், எலுமிச்சைச் சாறு போல் புளிப்பானதை அதில் வைக்கவே கூடாது.

வரப்பு

மணல் போனது உண்மைதான் அம்மா. அதைச் சொன்னால் எனக்குப் பதில் இல்லை. இன்னொன்று கேட்கிறேன். எங்கள் வீட்டில் குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருப்பார்கள். அதனால் பலன் உண்டா?

நீர்ஆய்வாளர்

துணியைப் பற்றி வங்கதேசத்தில் பெரிய ஆய்வே நடந்திருக்கிறது. பழைய பருத்திப் புடவையை நான்கு மடிப்பாக மடித்து, அதில் குளத்து நீரை வடிகட்டச் சொன்னார்கள். காலராக் கிருமி நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வாழும். துணியில் அவை தங்கிவிடும். 2003இல் வந்த முடிவில், துணியால் வடிகட்டிய கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் ஒவ்வொரு முறையும் அந்தத் துணியை அலசி வெயிலில் காய வைத்தார்கள். குழாய் வாயில் கட்டிய துணி இரவும் பகலும் ஈரமாகவே இருக்கும், அதில் பிடித்த அழுக்கின் வழியாகத்தான் அடுத்த குடம் நிறையும். கட்டாதீர்கள் ஐயா. குடத்தின் வாயில் துணியைப் பிடித்து வடிகட்டி, உடனே அலசிக் காயப் போடுங்கள். துணி கலங்கலைக் குறைக்கும், தனித்திருக்கும் பாக்டீரியாவைத் தடுக்காது. அதன் பிறகு கொதிக்க வைப்பதோ குளோரினோ வேண்டும்.

யாழ்_கிணற்றடி

வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் குழாய் நீர் இல்லை, வளவுக்குள் கிணறு. பக்கத்து வளவில் புதிதாக மலசலகூடக் குழி வெட்டியிருக்கினம். 50 அடி தள்ளித்தான் இருக்கு, ஆனபடியால் பிரச்சினை இல்லை எண்டு சொல்லுகினம். இந்த மாரிக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவருக்கு நெருப்புக் காய்ச்சல் (டைபாய்டு) வந்தது. கொதித்தாறிய நீர்தான் குடிக்கச் சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னவர். அது மட்டும் போதுமோ?

நீர்ஆய்வாளர்

50 அடி, அதாவது 15 மீட்டர் என்பது மண் நிலத்துக்கான கணக்கு. மண்ணில் கழிவு நீர் மெல்ல ஊறி நகரும், போகிற வழியில் கிருமிகள் மண்ணில் தங்கிச் சாகும். உங்கள் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்பும் பொந்துமாக இருக்கும். குழியில் விழுந்தது வடிகட்டப்படாமலே வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கு வந்துவிடும். மாரியில் நீர்மட்டம் குழியின் அடி வரை ஏறும்போது ஆபத்து இன்னும் அதிகம். குழியை அடிப்பாகமும் கட்டிய, கசியாத தொட்டியாக மாற்றச் சொல்லுங்கள். பரிசோதகரிடம் எழுத்தில் முறையிடுவது நல்லது.

கொதிக்க வைப்பது கிருமிக்குப் போதும், நைட்ரேட்டுக்குப் போதாது. மலக்குழியும் தோட்ட உரமும் சேரும் இடத்தில் நைட்ரேட் இருக்கும். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி, மிச்சத்தில் அதன் செறிவு கூடுமே தவிரக் குறையாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால் அந்தக் கிணற்று நீரில் பால் கரைக்க வேண்டாம், நைட்ரேட் சோதனை முடிவு வரும் வரைக்கும்.

கிணற்றுக்குக் குளோரின் போடும் கணக்கு: உறை நீங்கலாக உள்விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 785ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று வரும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். வாளித் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும், மேலே தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் விட்டு, வாளியை மேலும் கீழுமாக இழுத்துக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் தண்ணீர் எடுக்கக் கூடாது. கலங்கிய கிணற்றுக்கு இந்த அளவு போதாது. ஒரு மணி நேரம் கழித்து மீதக் குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி. கூடத் தெரியவில்லை என்றால் மறுபடி போட வேண்டும். பவுடர் பழசாக இருந்தால் வீரியம் போயிருக்கும், அதையும் பாருங்கள். குழி கசிகிற வரைக்கும் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

யாழ்_கிணற்றடி

மிக்க நன்றி ஐயா. வீட்டில் கர்ப்பிணி ஒருவரும் இருக்கிறா. அவவுக்கு விசேடமாக ஏதும்?

செவிலி_அக்கா

தங்கச்சி, கட்டாயம் கவனம் வேண்டும். தண்ணீர் வழியாக வரும் மஞ்சள் காமாலையில் ஹெபடைட்டிஸ் ஈ என்று ஒரு வகை இருக்கிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகக் குணமாகும், கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மாதங்களில், உயிருக்கே ஆபத்தாகலாம். வெளியில் போனாலும் கொதித்தாறிய நீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும். பல் துலக்கவும் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கோ. கண் மஞ்சளித்தால், சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் நாட்டு மருந்து என்று நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கோ.

தாம்பரம் அக்காவுக்கும் சேர்த்து எழுதுகிறேன். பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வெயில் காலத்திலும் தண்ணீர் தரத் தேவையில்லை. புட்டிப்பால் மாவு கரைக்கிறவர்கள் 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கரைத்து, அப்புறம் ஆற்றிக் கொடுக்க வேண்டும், மாவிலேயே கிருமி இருக்கக்கூடும். பாலாடையையும் சங்கையும் ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுங்கள்.

பேதி ஆரம்பித்துவிட்டால் முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசல். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. குழந்தை துவண்டு போனாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

கேன்தண்ணி

நாங்கள் 20 லிட்டர் கேன்தான். சீல் உடைக்காத கேன் என்றால் கவலை இல்லைதானே?

சர்வீஸ்_தம்பி

சீல் உடைக்கும் வரை பொறுப்பு அவர்களுடையது, உடைத்த பிறகு உங்களுடையது. கேன் டெம்போவில் உருண்டு, கடை வாசலில் வெயிலில் நின்று, ஆள் தோளில் ஏறி வருகிறது. அதன் கழுத்தைத் துடைக்காமல் அப்படியே டிஸ்பென்சரில் கவிழ்த்தால் கழுத்தில் இருந்ததெல்லாம் தண்ணீரில் இறங்கும். சோப்புப் போட்டுக் கை கழுவி, கழுத்தைச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டுக் கவிழ்க்க வேண்டும். டிஸ்பென்சரின் உள்கிண்ணத்தையும் குழாயையும் மாதம் ஒரு முறையாவது கழற்றித் தேய்க்க வேண்டும். பச்சை படிந்த கேனை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

தாம்பரம்வாசி

எல்லாருக்கும் நன்றி. குழாய் வைத்த டிரம் வாங்கிவிட்டோம். ஆர்.ஓ. டேங்கைக் கழற்றியபோது தம்பி சொன்ன வழுவழுப்பு அப்படியே இருந்தது. கழிவறைக் கதவுக்கு வெளியே சோப்பு வைத்திருக்கிறோம். மறுபடி சோதனைக்குக் கொடுத்தோம். டிரம்மில் ஈ.கோலையும் இல்லை, கோலிஃபார்மும் இல்லை. அத்தை அந்தக் காகிதத்தை மற்ற வீடுகளுக்கு எடுத்துப் போய்க் காட்டிவிட்டு வந்தார்.

ஆனால் மொட்டைமாடித் தொட்டியில் கோலிஃபார்ம் இன்னும் வருகிறது. இந்த முறை சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தொட்டி) தண்ணீரையும் கொடுத்தோம், அதிலும் உண்டு. 2023 டிசம்பர் புயலில் சம்ப் முழுக்க வெள்ளம் புகுந்தது. அப்போது தண்ணீரை இறைத்து வெளியே விட்டதோடு சரி. அதுதான் காரணமோ?

நீர்ஆய்வாளர்

மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த சேறு ஒரு மூலையில் தங்கியிருந்தால் அதுவே போதும், குளோரினைத் தின்றுகொண்டே இருக்கும். தெருவில் 0.3 இருந்த குளோரின் சம்ப்புக்குள் காணாமல் போவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் அழுக்குதான். அதோடு சுவரைப் பாருங்கள். சம்ப்புக்குப் பக்கத்தில் சாக்கடைச் சேம்பர் இருக்கிறதா? தண்ணீரை இறைத்த பிறகு சுவரில் ஈரம் கசிந்து இறங்குகிறதா? மூடி தரைமட்டத்தில் இருந்தால், மழை பெய்யும்போதெல்லாம் செருப்புக் கால் பட்ட தண்ணீர் உள்ளே போகும். அதை அரையடியாவது உயர்த்திக் கட்டுங்கள்.

தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிற வீடு உங்கள் தெருவில் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். தண்ணீர் விட்டு விட்டு வரும் ஊர்களில், குழாய் காலியாக இருக்கும்போது வெடிப்பு வழியாகச் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். மோட்டார் அந்த இழுப்பைக் கூட்டுகிறது. தண்ணீர் வரத் தொடங்கியதும் முதல் சில நிமிடத் தண்ணீரைச் சம்ப்பில் விடாமல் வெளியே விடுங்கள்.

சுத்தம் செய்யும்போது ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். யாரையும் தனியாகச் சம்ப்புக்குள் இறக்காதீர்கள். மூடிக்கிடந்த சம்ப்பில் உயிர்க்காற்று இருக்காது, சேற்றிலிருந்து நச்சு வாயு கிளம்பும். ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் செத்த செய்தி வருடந்தோறும் வருகிறது. மூடியை முந்தின நாளே திறந்து வைத்து, ஊதுவிசிறியால் காற்றடித்து, இந்த வேலை தெரிந்தவர்களைக் கொண்டு, கயிறு கட்டி, மேலே ஆட்கள் நின்று செய்ய வேண்டும். கரண்டை மெயினில் அணைக்க வேண்டும். பெட்ரோல், டீசல் பம்பை உள்ளே இறக்கவே கூடாது. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய இடத்தில் அது ஆளைக் கொல்லும்.

சேற்றை எடுத்துச் சுவரைத் தேய்த்துக் கழுவிய பின், ஆயிரம் லிட்டர் கொள்ளளவுக்கு 160 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிச் சம்ப்பை நிரப்பி, 24 மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அதே தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றி எல்லா வீட்டுக் குழாய்களிலும் குளோரின் வாசனை வரும் வரை திறந்துவிட்டு மூடுங்கள். அப்போதுதான் பைப்புக்குள் இருப்பதும் போகும். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. பிறகு முழுவதும் வடித்து, புதுத் தண்ணீரால் அலசி நிரப்புங்கள். வடிக்கும் நீரைச் செடிக்கோ குளத்துக்கோ விட வேண்டாம்.

தாம்பரம்வாசி

சேம்பர் சம்ப்பிலிருந்து இரண்டு எட்டு வைக்கிற தூரத்தில் இருக்கிறது சார். சங்கத்தில் பேசிவிட்டோம். ஊதுவிசிறியோடு வருகிற ஆட்களை ஏற்பாடு செய்தாகிவிட்டது, கொத்தனாரும் வந்து சுவரைப் பார்க்கிறார். சனிக்கிழமை காலையில் சம்ப் காலி, மாலையில் குளோரின் நீர், ஞாயிறு மாலை வரை எந்தக் குழாயும் ஓடாது. எங்கள் குடியிருப்பிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை தெருக்குழாயில் தண்ணீர் வரும்போதே குடிக்கவும் சமைக்கவும் வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்துப் பாட்டிக்கு நாங்கள் பிடித்துக் கொடுத்துவிடுகிறோம்.

நீர்ஆய்வாளர்

நல்லது அம்மா. கொத்தனார் சுவரைப் பார்க்கும்போது சேம்பர் பக்கத்துச் சுவரை முதலில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புது நீர் நிரப்பி ஒரு வாரம் கழித்து, சம்ப், மேல்தொட்டி இரண்டிலும் மாதிரி எடுத்துக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். பாட்டிலை மட்டும் அவர்களிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.